கண் மூடினால் வாயையும் மூடும், ஆண்டவரே

தூக்கத்தில் நான் பேசிய பேச்சு ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தது. அதை மறைக்காமல் சொன்னால்தான் ஆண்டவர் எனக்குச் செய்தது உங்களுக்கு விளங்கும், சகோதர சகோதரிகளே.

எனக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். ஒன்பதாம் வகுப்போடு பையைத் தூக்கினேன். திருப்பூர், கொச்சி, ஓசூர், எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. பிறகு ஒரகடம். சேரப்பணஞ்சேரியில் ஓர் அறையில் ஆறு பேர். ஒருவன் எழுந்த பாயில் அடுத்த ஷிப்டுக்காரன் படுப்பான்.

கார்களை ரயிலில் ஏற்றும் யார்டில் ஒப்பந்த வேலை. பெட்டிகளை எஞ்சின் பின்னோக்கித் தள்ளும்போது டிரைவருக்குப் பின்னால் எதுவும் தெரியாது. கடைசிப் பெட்டியின் படியில் நின்று நான் வாக்கி டாக்கியில் "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். என் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வண்டி நகரும். குரல் நின்றால் டிரைவர் நிறுத்திவிடுவார். அதுதான் விதி.

மாற்று ஆள் வராத நாளெல்லாம் அடுத்த ஷிப்டும் என் தலையில் விழும். கண்ணுக்குக் கீழே தைலம் தடவுவேன். தூங்காமலிருக்கப் பெலன் தாரும் என்று ஜெபிப்பேன். சபையிலும் எனக்காக அப்படியே ஜெபித்தார்கள். பெலன் வரவில்லை. வேறொரு பழக்கம் வந்தது. கண் தூங்கும்; வாய் மட்டும் "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

போன சித்திரையில் ஒரு பிற்பகல். தண்டவாளத்தில் நின்றிருந்த பெட்டியின் இணைப்புக் கொக்கியை, பெட்டிகளைக் கோக்கும் வேலை பார்க்கும் பென்னலூர் முருகேசன் அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூங்கியபடியே வண்டியை அவர்மேல் அழைத்தேன். சத்தம் கேட்டு வெளியே பாய்ந்தார். முழங்கை கிழிந்தது. வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"இன்னாடா, கனவுல எவளையாவது கூப்டுகினு இருந்தியா? வா வான்ற! உள்ள நான் கீறன்டா!"

அறைக்குப் போய் அழுதேன். பையைக்கூட எடுத்து வைத்தேன். நான் ஓடினால் அதே படியில் இன்னொருவன் அதே தூக்கத்தோடு நிற்பான் என்று தோன்றியது. பையைக் கீழே வைத்துவிட்டு முழங்காலிட்டேன். "இனி தூங்காமலிருக்கப் பெலன் கேட்கமாட்டேன். தூக்கம் நீர் கொடுத்தது. என் கண் மூடினால் என் வாயையும் மூடும், ஆண்டவரே."

ஒன்பதாம் நாள் மறுபடியும் மாற்று ஆள் வரவில்லை. முடியாது என்று சொல்ல அன்றைக்கும் தைரியமில்லை. படியில் ஏறினேன். இரண்டு முறை "வரலாம்" என்றது நினைவிருக்கிறது. அடுத்து என் காதில் விழுந்தது டிரைவரின் கத்தல். "யோவ், குரல் காணோம்! இருக்கியா?"

கண் திறந்தேன். வண்டி நின்றிருந்தது. இரண்டு முழத்துக்கு முன்னால் முருகேசன் அண்ணனின் முதுகு. அன்று அவர் சட்டை கொக்கியில் சிக்கிக்கொண்டதால் அவர் வெளியே வந்திருக்கவே முடியாது. எத்தனையோ நாள் தூக்கத்தில் பேசிய வாய் அன்று பேசவில்லை. தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் கேட்டேன், ஆண்டவர் மூடினார்.

சூப்பர்வைசர் பதிவேட்டை நீட்டினார். "வாக்கி ரிப்பேருன்னு எழுதுப்பா. உனக்கும் தொல்லையில்ல, எனக்கும் தொல்லையில்ல."

"ஒறங்கிட்டேன்னுதான் எழுதுவேன் சார். அதானே நடந்துச்சு."

"வேலை போயிரும்யா!"

"போட்டும் சார். ரெண்டாவது ஷிப்டுக்கு இனிமே இத நான் தொட மாட்டேன்." வாக்கி டாக்கியை மேசைமேல் வைத்தேன். வாயை மூடியவரே அதைத் திறந்தும் விட்டார்.

பத்து நாள் வேலையில்லாமல் அறையில் கிடந்தேன். ஓய்வெடுக்காத ஆள் கூப்பிட்டால் வண்டியை நகர்த்தமாட்டேன் என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். முருகேசன் அண்ணனும் கொக்கிப் பக்கம் போக மறுத்தார். என்னைத் திரும்ப அழைத்தார்கள். "உங்க சாமி நல்ல சாமிடா. உன் வாய மூட வெச்சுதே, என் பொண்டாட்டி வாய்க்கும் சொல்லு" என்றார் அண்ணன்.

விசுவாசம் இருந்தால் தூக்கத்தை ஜெயிக்கலாம் என்று இப்போதும் சிலர் எனக்குப் போதிக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஷிப்டு மேல் ஷிப்டு பார்க்கிற என் சகோதரரே, தூங்காமலிருக்கப் பெலன் கேட்காதீர்கள். முடியாது என்று சொல்லப் பெலன் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.

இப்போதெல்லாம் மாற்று ஆள் வராவிட்டால் வண்டி நிற்கிறது. நான் அறைக்குப் போகிறேன். நன்றி சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.