சிவப்பாகத் தெரிந்த ஐயனார் காடு

என் அசட்டுத்தனமும் வெளியே வருமே என்று இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். எண்பதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் நான் கடைநிலை ஊழியன். மழை குறைந்த வறண்ட பகுதிக் காடுகள் எப்படி இருக்கின்றன என்று செயற்கைக்கோள் படத்தில் பார்க்கும் ஐயா ஒருவர் அங்கே இருந்தார். ஒல்லியானவர். பூதக்கண்ணாடி பிடித்துப் பழகி, ஆளோடு பேசும்போதும் ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் அவர் மேசையில், எங்கள் ஊர்ப்பெயர் எழுதிய படத்தில், எங்கள் குலதெய்வமான ஐயனாரின் காடு ரத்தச் சிவப்பாகக் கிடந்தது. காடு எரிகிறதென்று பதறி, அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"என்னய்யா நீ! இந்தப் படத்துல சிவப்பா இருந்தா மரம் நல்லா உயிரோட இருக்குன்னு அர்த்தம்," என்று சிரித்தார். பிறகு நடுவில் வெளுத்திருந்த புள்ளியைத் தொட்டார். "இதான் செத்த எடம். எவன் வெட்னான்?"

"பொங்க வைக்க எடம் பத்தலன்னு நாங்கதாங்க. நாந்தான் முன்ன நின்னு வெட்டனேன்."

"சாமிக்காகவா?"

"ஆமாங்க."

"அவரும் மேலேர்ந்துதானய்யா பாக்கறாரு?"

கோபமில்லாமல்தான் கேட்டார். அடுத்த பொங்கலுக்கு அந்த வெளுத்த இடத்தில் நின்று கும்பிட்டேன். உச்சிவெயில், ஒதுங்க நிழலில்லை. என்ன வேண்டுவதென்றே தெரியவில்லை.

இதை யாரிடமாவது சொன்னால், வெட்டியது நான்தான் என்பதை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.