சிவப்பு அடித்த செம்புத் தகடு

பிளாஸ்மா இயற்பியலில் முதல் வகுப்பே என்னை உலுக்கிவிட்டது. காற்று மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளியில் படித்தது பாதி உண்மைதானாம். எங்கோ திரியும் ஒரே ஒரு எலக்ட்ரான் பலமான மின்புலத்தில் சிக்கினால், வேகம் பிடித்து ஓர் அணுவில் மோதி இன்னொரு எலக்ட்ரானைத் தெறிக்கவைக்கும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். கண் இமைப்பதற்குள் அந்த இடத்துக் காற்று பிளாஸ்மாவாகிவிடும். அதைத்தான் பொறி என்கிறோம். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அம்மாவின் நினைவு வந்தது.

அம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவள். வேலைக்குப் பருத்திச் சேலைதான் கட்டுவாள். அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கையை வைப்பாள். உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும்; விரலில் பொறி தெறிக்காது. அவளுக்கு அது சாமி மாதிரி. தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவாள்.

அந்த வாரம் ஆயுத பூஜை. மருந்தையெல்லாம் அப்புறப்படுத்தி, அறைகளைக் கழுவி, குடும்பத்தாரையும் உள்ளே விட்டிருந்தார்கள். அம்மா தன் அறையைக் காட்டினாள். தகடு கதவின் நிறத்திலேயே சிவப்பாக இருந்தது. தடவிப் பார்த்தேன். எனாமல் பெயிண்ட், மின்னூட்டத்தை இறங்க விடாது. அதன் மேல் கையை வைப்பதும் ஒன்றுதான், சுவரில் வைப்பதும் ஒன்றுதான்.

"பூசைக்கு லட்சணமா இருக்கட்டும்னு நாந்தான் அடிக்கச் சொன்னேன். நீங்க காலேஜுல படிக்கீக, நாங்க இருவது வருசமா மருந்தோட கெடக்கோம்" என்று போர்மேன் சிரித்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாவியை எடுத்துச் சுரண்டப் போனேன். அம்மா வெடுக்கென்று கையைப் பிடித்தாள்.

"ஏ புள்ள, இங்கன இரும்பக் கொண்டா உரசுவாக? எம்புட்டுப் படிச்சு என்ன?"

வெட்கமாகப் போயிற்று. தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் இருவரும் சுரண்டினோம். பெயிண்ட் லேசில் வரவில்லை.

"நேத்து அடிச்சது இப்படியா ஒட்டும்?" என்றேன்.

"நேத்தா? இது போன வருசப் பூசைக்கு அடிச்சதுல்ல."

ஒரு வருடமாக அம்மா தினமும் வெறும் பெயிண்டைத் தொட்டுவிட்டு மருந்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தேன். வரிசையாக அறைகள், ஒவ்வொரு வாசலிலும் சிவப்புத் தகடு. மற்றதையும் சுரண்டச் சொல்லிப் போர்மேனிடம் கெஞ்சினேன்.

"தீவாளி லோடு நிக்கி. சீசன் முடியட்டும், பாப்போம்."

பக்கத்து அறை அக்கா பூஜைக்கு வைத்த பழத்தை எடுக்க வந்தாள். வாசலில் நின்று, சிவப்புத் தகட்டைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.