சிறிய புல்லியும் மலைப்பாதை வரிசையும்

மார்ச் 9, ஞாயிறு. வழக்கம்போல் டயரில் காற்று, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துவிட்டு, மனைவியுடன் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குக் காரில் கிளம்பினேன். "இழுவை கூடும் மச்சான்" என்று மைத்துனன் இன்ஜினில் பெல்ட்டை ஓட்டும் சக்கரமான புல்லியைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சிறிய புல்லி மாட்டியிருந்தான். வண்டியும் சிட்டாய்ப் பறந்தது.

பாதி மலையில் வாகன வரிசை. பனிமூட்டத்தால் விளக்கும் வைப்பரும் ஓட, ஊர்ந்து சென்றோம். டாஷ்போர்டில் பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வெப்பமானி முள் உச்சிக்கு ஏறியது. இறங்கி, பானெட்டைத் தூக்கி, திறப்பதற்காக ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். மனைவி தண்ணீர் பாட்டிலுடன் குனிந்து நின்றாள்.

"சார், தொடாதீங்க! அம்மா மூஞ்சி வெந்துரும்!" பின்னால் நின்ற பேருந்தின் நடத்துநர் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். அடுத்த நொடி மூடியோரம் ஆவி சீறியது.

"ஆவி பிடிக்க வேற வழி இருக்குங்க" என்று சிரித்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வேன்!

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிறிய புல்லியால் பெல்ட் மெதுவாக ஓடுகிறது. ஊர்ந்து போகையில், அந்த பெல்ட்டால் ஓடும் தண்ணீர் பம்பும் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் போதிய வேகத்தில் சுற்றுவதில்லை. இன்ஜின் ஆறியதும் ஊர் திரும்பினோம். இப்போதெல்லாம் சூடு தணியாமல் மூடியைத் தொடுவதில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக மைத்துனனை அழைத்துப் பழைய புல்லியை மாட்டச் சொன்னேன்.

"இழுவை கொறையுமே மச்சான்?"

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "கொறையட்டும்டா. வெரசா மாட்டு."