சலூன் கண்ணாடியில் பார்த்த தாடை

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகங்களுக்கு அச்சு செய்து கொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். இரும்பைத் தவிர வேறெதையும் வரைந்தவனில்லை. திடீரென்று ஒருநாள் எங்கள் செக்‌ஷன் இன்சார்ஜ் ஒரு மனிதத் தலையைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினார்.

பயப்பட வேண்டாம், ஸ்கேன் படங்கள்தான். எங்கள் முதலாளிக்குத் தெரிந்த பெங்களூர் டாக்டர் ஒருவர், ஒட்டிப்போன மூட்டைப் பிரித்து, கோணிப்போன தாடையை வெட்டி நிமிர்த்தும் ஆபரேஷனுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்த்திய எலும்பைப் பிடித்து நிறுத்த ஒரு தகடு தேவை. ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி எடுத்த ஸ்கேன் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கம்ப்யூட்டரில் மண்டையோடு எழுந்து நிற்கும். அதில் காதுத்துளை, கண்குழியின் கீழ்விளிம்பு, தாடை மடங்கும் மூலை, மோவாய் நுனி என்று டாக்டர் சொன்ன இடங்களில் நான் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி உள்ள தூரத்தை வைத்துத்தான் தகட்டின் வளைவு. நோயாளியின் பெயர் கிடையாது, ஒரு நம்பர் மட்டும்.

"என்னாபா, மார்கழி வந்துடுச்சா? கோலம் போட ஆரம்பிச்சிட்ட?" என்று கூட இருந்தவர்கள் கிண்டலடித்தார்கள். ஆனால் கிண்டலடித்தவர்களே இரண்டாம் நாள் தங்கள் மேசையை அறைக்கு வெளியே தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். டீ கொண்டுவருபவர் என் டம்ளரைக் கதவோரமே வைத்துவிட்டுப் போய்விடுவார். கம்ப்யூட்டர் திரை தெளிவாகத் தெரிய ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டிருந்தோம். அந்த ஏசி அறையில், பட்டப்பகலில், நானும் அதுவும் மட்டும்.

எந்த இடத்தில் புள்ளி வைப்பது என்று குழம்பும்போதெல்லாம் என் தாடையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். அதுதான் வினையாகப் போயிற்று. டவுன் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கொட்டாவி விட்டால் முகம் தெரியாது, உள்ளே தாடை இறங்குவதுதான் தெரியும். சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்த எலும்பு மட்டும் சொந்தக்காரர் மாதிரி பழகிவிட்டது. மோவாய் என் இடது கைப்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். தாடையின் கீழ்விளிம்பில், கட்டைவிரல் வைத்து அமுக்கியது போல ஒரு பள்ளம். அதற்கு மேலே, முளைக்காமல் எலும்புக்குள்ளேயே படுத்துக்கிடக்கும் ஒரு கடைவாய்ப்பல்.

புள்ளிகளெல்லாம் வைத்து முடித்தாயிற்று. திங்கட்கிழமை தகடு வெட்டக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பாகலூர் ரோட்டில் இருந்த ஒரு சலூனுக்கு முடிவெட்டப் போனேன். நாற்காலியில் ஒருவருக்கு ஷேவிங் நடந்துகொண்டிருந்தது. பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து சும்மா கண்ணாடியைப் பார்த்தேன்.

கண்ணாடிக்குள் நான் புள்ளி வைத்த மண்டையோடு உட்கார்ந்திருந்தது.

நாற்காலியில் இருந்தவருக்குச் சோப்பு நுரை காது வரை வெள்ளையாக அப்பியிருந்தது. மோவாய் என் இடது கைப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கீழ்விளிம்பில் அந்தப் பள்ளம். கத்தி அந்த இடத்துக்கு வந்ததும் மெதுவாக இறங்கி ஏறியது. பிரமையாக இருக்கும் என்று கண்ணை மூடித் திறந்தேன். அந்தச் சமயம் பார்த்து அவர் துண்டு வாங்குவதற்காக என் பக்கம் திரும்பினார்.

மோவாய் வலது கைப்பக்கம் போய்விட்டது.

அப்பாடா, வேறு யாரோ என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடிதான் உறைத்தது. கண்ணாடியில் என் கம்ப்யூட்டர் ஆள், நேரில் வேறொருவர். அப்படியென்றால் நான் ஒரு மாதமாகப் புள்ளி வைத்தது எதன் மேல்?

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்குப் பெங்களூர்ல தாடை ஆபரேஷனா?"

அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. பல்லிடுக்கு வழியாகத்தான் பேச்சு வந்தது. "யாருபா நீ? எங்க ஊட்ல கூட இன்னும் சொல்லல."

"வலது பக்கம் ஒரு பல்லு எலும்புக்குள்ளயே படுத்துக் கெடக்குதுன்னு சொன்னாங்களா?"

"இடது பக்கம்னுல்ல டாக்டரு சொன்னாரு." சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பாதி முகத்தில் நுரை. "உனக்கு எப்படிபா தெரியும்? மந்திரம் கிந்திரம் பண்றியா?"

அவரை உட்காரவைத்து விவரம் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குந்தாரப்பள்ளி சந்தையில் மாடு வாங்கி விற்பவர். சிறு வயதில் மாடு உதைத்து, தாடை மூட்டு ஒட்டிப்போய், இத்தனை வருடமும் கஞ்சியை உறிஞ்சியே வாழ்ந்திருக்கிறார். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார். "எலும்ப அனுப்பினவங்க மொகத்தையும் அனுப்பியிருக்கலாம்ல?"

அங்கிருந்து நேராக இன்சார்ஜ் வீட்டுக்கு ஓடினேன். கன்னடக்காரர், எதற்கும் பதறாதவர். "நோடோணா, பார்த்துடலாம்" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படங்களைத் திரும்ப அடுக்கிப் பார்த்தபோது அவருக்கே வியர்த்துவிட்டது. எங்கள் தொழிலில் எந்தப் பாகத்தையும் மேலேயிருந்து பார்ப்பதாக வைத்துத்தான் வரைவோம். அதே பழக்கத்தில் மண்டையையும் அடுக்கிவிட்டோம். ஸ்கேன் படமோ, படுத்திருப்பவரைக் காலடியிலிருந்து பார்க்கிற கணக்கு. மொத்தத் தலையும் இடம் வலமாக மாறியிருந்தது.

மறுநாள் டாக்டருக்குப் போன் போட்டோம். "வெட்டுற பக்கம் எனக்குத் தெரியும். ஆனா தாடையை வெட்டித் திறந்தப்புறம் தகடு உட்காரலேன்னா, அந்த மனுஷனை மேசையில வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" என்றார். புள்ளிகளை முதலிலிருந்து திரும்ப வைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து அந்த மாட்டு வியாபாரி கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு கொய்யாப்பழம். என் கண் முன்னாலேயே நறுக்கென்று கடித்துக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. தன் எலும்பைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். பக்கத்தில் அழிக்காமல் வைத்திருந்த பழைய மண்டையோடும் இருந்தது.

தன்னுடையதைப் பார்த்துத் தாடையைத் தடவிக்கொண்டவர், மற்றதைக் காட்டி, "இது ஆருது?" என்றார்.

"அப்படி ஒருத்தர் இல்லண்ணா" என்றேன்.

அவர் ஏனோ குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இல்லாத ஆளுக்கா இவ்ளோ நாளு ஒழைச்ச?"

இப்போதும் இதுபோல எந்த எலும்பு வேலை வந்தாலும் முதலில் அந்த நோயாளியின் போட்டோவைக் கேட்டு வாங்கி மேசையில் வைத்துக்கொள்கிறேன். அப்படியும் சில நாள், சலூன் நாற்காலியில் உட்கார்ந்து நிமிரும்போது, உலகத்தில் இல்லாத அந்த ஆள் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்ப்பது போலவே இருக்கிறது.