பாய் வீட்டுக் காகிதங்கள்

வளைகுடாவில் முசஃபா என்ற இடத்தில் ஒரு கராஜில் எனக்கு ஏசி வேலை. காருக்கு கேஸ் அடிப்பது, கம்ப்ரஸர் மாற்றுவது. பக்கத்து மூலையில் ஒரு பாய் சீட் கவர் தைப்பார். ஆறு வருஷம் ஒரே கராஜ், அதில் நாலு வருஷம் ஒரே ரூம். அவர் ரோஹிங்கியா. பிறந்தது பர்மாவில் அரக்கான் பக்கம். கையில் இருந்த பாஸ்போர்ட் வேறு நாட்டுடையது. அது எப்படி என்று நான் கேட்டதில்லை. இங்கே வந்த ஆளுக்கு எதைக் கேட்கக் கூடாது என்பது முதல் வருஷத்திலேயே தெரிந்துவிடும்.

மகள் பிறந்து நாற்பதாம் நாள் அவர் விமானம் ஏறியிருந்தார். அதற்கப்புறம்தான் ஊரை எரித்தார்கள். மனைவி கைக்குழந்தையோடும் மாமனாரோடும், அதாவது பாயின் அப்பாவோடும், ஆற்றைத் தாண்டி வங்கதேசத்துக்குப் போய், காக்ஸ் பஜார் பக்கத்து மலைச்சரிவு முகாமில் ஒரு மூங்கில் வீட்டில் உட்கார்ந்தாள். அந்த வீட்டை அவர் நேரில் பார்த்ததே இல்லை. போனால் திரும்பி வர முடியுமா என்பது நிச்சயமில்லை. அதனால் போகவில்லை.

ஆனாலும் அந்த வீடு எனக்கே அத்துபடி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் போனைத் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்து வீடியோ கால் போடுவார். அங்கே அப்போது மூன்றரை மணி இருக்கும். நானும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு பக்கத்தில் உட்காருவேன். மூங்கில் தட்டிச் சுவர், மேலே தார்ப்பாய், தார்ப்பாயின்மேல் சுரைக்கொடி. மண் சரியாமல் இருக்க மணல்மூட்டை அடுக்கிய படிகள். கீழே குழாயடியில் குடங்களின் வரிசை. உள்ளே ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு பாய் விரிப்பு, அதில் பக்கவாதம் வந்து படுத்துக் கிடக்கும் அவருடைய அப்பா. பெண் பள்ளியிலிருந்து வந்து சட்டைப் பித்தானைத் தைத்துக்கொண்டோ பயறு பொறுக்கிக்கொண்டோ இருப்பாள்.

மனைவியை மட்டும் நான் பார்த்ததில்லை. வேற்று ஆண் பக்கத்தில் இருக்கிறான் என்று போனை எப்போதும் வெளிப்பக்கமாகவே திருப்பி வைத்திருப்பாள். குரல் கேட்கும். சில சமயம் கை தெரியும்.

எங்களுக்குள் பேச்சு இந்தி. அவருக்கும் அது சொந்த பாஷை இல்லை, எனக்கும் இல்லை. அதனால் சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் பேசிக்கொள்வோம்.

நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு நாள் மதியம் கால் போகவில்லை. இரண்டு தடவை போட்டார். மூன்றாவது தடவை போடுமுன் அவர் ஊர்க்காரர் யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். மலை முழுக்கப் புகை. கீழே ஜனங்கள் மூட்டையோடு ஓடுகிறார்கள். மூங்கில் வெடிக்கிற சத்தம் பட்டாசு மாதிரி கேட்டது. எனக்கு ஊர் சிவகாசிப் பக்கம். அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை.

"எந்தப் பக்கம் பாய்?" என்று கேட்டேன்.

"எங்க பக்கம்தான்" என்றார்.

அவர் மெஷினில் பாதி தைத்த சீட் இருந்தது. ஒரு டாக்ஸிக்காரருடையது. சாயந்தரம் கொடுக்க வேண்டும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பத் தைக்க ஆரம்பித்தார். நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த காருக்குத் திரும்பினேன். என்ன செய்வது என்று யோசித்ததாகக்கூட நினைவில்லை. ஸ்பேனரை எடுத்தேன், போல்ட்டைக் கழற்றினேன். அன்று நான் போட்ட கம்ப்ரஸரில் கசிவே இல்லை. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சாயந்தரம் வீட்டுக்கு போன் செய்தபோது என் மனைவியே ஆரம்பித்தாள். "டீவில காட்டுறானே, அந்தக் கேம்ப்லயா ஒங்க பாய் வீட்டாளுக இருக்காக?"

"ஆமா."

"பேசிட்டாரா?"

"இல்ல."

"நீங்க ஏன் இம்புட்டு சாதாரணமாச் சொல்றீக?"

வருத்தம் எங்கோ தள்ளி இருப்பதாகத் தெரிந்தது. இரண்டு வருஷம் முன்பு எங்கள் அப்பா போனபோதும் அப்படித்தான் இருந்தது. லீவு கிடைக்கவில்லை. காரியம் முடிகிறவரை வீடியோவில் பார்த்துவிட்டு டூட்டிக்குப் போனேன்.

மறுநாள் பத்து மணிக்கு ஏதோ தெரியாத நம்பரிலிருந்து அவருக்குக் கால் வந்தது. மனைவி. அவள் போனில் சார்ஜ் இல்லாமல், யாருடைய போனோ. அவர் ஸ்பீக்கரில் போட்டார். அவர்கள் பாஷை எனக்குப் புரியாது. பிறகு அவர் சொல்லித்தான் தெரியும்.

தீ மேல்வரிசையில் பிடித்திருக்கிறது. மகள் முதலில் சிலிண்டரை வெளியே இழுத்துச் சரிவில் உருட்டிவிட்டிருக்கிறாள். அது உள்ளே இருந்தால் வெடிக்கும் என்று அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். மனைவி மாமனாரை முதுகில் ஏற்றி, துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு படிகளில் இறங்கியிருக்கிறாள். அந்தப் படிகளில் ஒற்றை ஆள் இறங்குவதே கஷ்டம். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் ராத்தங்கினார்கள்.

அவர் கேட்ட முதல் கேள்வி காகிதங்களைப் பற்றி.

கூரை மூங்கிலில் ஒரு பிளாஸ்டிக் பை செருகியிருக்கும். அதில் வீட்டில் யார் யார் என்று ஊரில் அரசாங்கம் எழுதிக்கொடுத்த வீட்டுப் பட்டியல், நில வரி ரசீதுகள், அப்பாவின் பழைய அடையாள அட்டை, அங்கே அதிகாரி வந்து வருஷாவருஷம் குடும்பத்தை வரிசையாக நிறுத்தி எடுத்த போட்டோக்கள் எல்லாம் இருந்தன. ஆறு தாண்டும்போது மனைவி தலையில் வைத்துக் கொண்டுவந்த பை. அரக்கானில் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

பை கூரையோடு எரிந்துவிட்டது என்றாள் மனைவி. அப்புறம் அவள் சொன்னாள். பாதிப் படி இறங்கிய பிறகு ஞாபகம் வந்ததாம். திரும்பிப் போகவில்லையாம்.

"அச்சா" என்றார் பாய், சரி என்கிற மாதிரி. போனை வைத்தார்.

அடுத்த நாலு நாள் அவர் மனைவியோடு சரியாகப் பேசவில்லை. கால் போடுவார். அப்பாவைக் காட்டச் சொல்வார், மகளிடம் பேசுவார். மனைவி பேசினால் "ம்" என்பார். ஐந்தாம் நாள் நான் கேட்டேன்.

"பாய், அவங்க உங்க அப்பாவ விட்டுட்டு பேப்பரத் தூக்கியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ரெண்டையும் எடுத்திருக்கலாமேன்னு தோணுது" என்றார். "அப்படித் தோணுறது தப்புன்னும் தெரியுது. ரெண்டும் இருக்கு."

நான் போய் டீ வாங்கி வந்தேன். குடித்தோம்.

அங்கே அவள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சாம்பல் ஆறினதுமே பழைய இடத்துக்குப் போய், எரியாத மூங்கில்களைப் பொறுக்கி நாலு மூலையிலும் நட்டிருக்கிறாள். இடத்தை விட்டால் வேறு யாராவது வந்துவிடுவார்களாம். மேலே தன் லுங்கித் துணியை, அங்கே பெண்கள் உடுத்துவதும் அதுதான், கட்டினாள். மூன்றாம் நாள் தார்ப்பாய் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கயிறு இருந்தது, கத்தி இல்லை. இவளிடம் கத்தி இருந்தது, கயிறு இல்லை. இரண்டு வீடும் சேர்ந்தே எழுந்தன. சரிவில் உருட்டிய சிலிண்டரை மகள் இரண்டு நாள் தேடி, ஓடை ஓரத்தில் கண்டுபிடித்தாள். நோன்பு முதல் நாள் அந்த வீட்டில் கஞ்சி வைத்தார்கள். மகள் அதை வீடியோவில் எங்களுக்குக் காட்டினாள். சுவர் இன்னும் மூன்று பக்கம்தான் இருந்தது.

அன்று மனைவி ஏதோ நீளமாகச் சொன்னாள். இவர் முதல் தடவையாக "ம்" போடாமல் கேட்டார்.

"என்ன சொல்றாங்க?"

"பட்டியலைத் திரும்ப எழுதலாம்ங்கிறா. அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்காம்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பெரியவருக்கு வாய் கோணிப் பேச்சு குழறும். அது மனைவிக்கு மட்டும்தான் புரியும். அவள் ஒவ்வொன்றாகக் கேட்பாள். வீட்டுக்குக் கிழக்கே யார் நிலம், எத்தனை வாசல், குளம் எந்தப் பக்கம், எந்த வருஷம் யார் பிறந்தது. அவருடைய பதிலை இவள் திருப்பிச் சொல்ல, மகள் பள்ளிக்கூட நோட்டில் பர்மிய எழுத்தில் எழுதினாள். மனைவிக்கு எழுத்து தெரியாது. எழுதியது சரிதானா என்று தினமும் வாசிக்கச் சொல்லிக் கேட்பாளாம். மதியம் எங்கள் கராஜுக்குக் கால் வரும். பாய் இங்கிருந்து திருத்துவார். மாமரம் மூன்று இல்லை, இரண்டு. மாட்டுக்கொட்டகை பின்னால் இல்லை, பக்கவாட்டில். அவர் நோன்பு என்பதால் நானும் அந்த மாதம் தள்ளிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவேன்.

ஒரு நாள் குளத்துக்கு வழி எது என்று அவருக்கும் மனைவிக்கும் தகராறு. பத்து நிமிஷம் நடந்தது. கடைசியில் பெரியவர் அவள் சொன்னதுதான் சரி என்று தலையாட்டினார். பாய் சிரித்தார். தீப்பிடித்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

அந்த நோட்டு எந்த ஆபீஸிலும் செல்லாது. சீல் இல்லை, கையெழுத்து இல்லை. அவருக்கும் அது தெரியும். "மாஃபி ஃபாய்தா" என்று அரபியும் இந்தியும் கலந்து சொல்வார், பிரயோஜனம் இல்லை என்று. சொல்லிவிட்டு மறுநாளும் கால் போடுவார்.

நோட்டில் இருபத்தேழு பக்கம் ஆனபோது மழைக்காலம் வந்தது. சரிவில் மண் இளகி அவர்களைக் கீழே ஒரு பள்ளிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே பெரியவருக்குக் காய்ச்சல். இரண்டே நாளில் போய்விட்டார். காலை பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. பாய் ஒரு வேனின் பின்சீட்டுக்கு ரெக்சின் இழுத்துக்கொண்டிருந்தார். போனில் கேட்டார், வைத்தார், இழுத்துப் பிடித்திருந்த ரெக்சினை விடாமல் ஆணியடித்து முடித்தார். வேன்காரர் வந்து, "யல்லா பாய், ஆச்சா?" என்று அவசரப்படுத்தியதற்குத் தலையாட்டினார். அப்புறம்தான் என்னிடம் வந்து சொன்னார்.

"போய் ரூம்ல படுங்க பாய். நான் ஃபோர்மேன்கிட்ட சொல்லிக்கறேன்."

"படுத்தா என்ன செய்ய?" என்றார்.

மதியம் தொழுதுவிட்டு வந்து வேலை செய்தார். சாயந்தரம் நான் ரசமும் உருளைக்கிழங்கும் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். காரம் கொஞ்சம் கூடிவிட்டது என்றார். ஆமாம் என்றேன்.

என் மனைவி அழுதாள். அவள் அந்தப் பெரியவரைப் பார்த்ததுகூட இல்லை. "அந்தப் பிள்ள மாமனார எம்புட்டு தூரம் தூக்கிட்டு வந்துச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் குவைத்தில் மங்காஃபில் இருக்கிறேன். பாய் அதே கராஜில்தான். வெள்ளிக்கிழமை பேசுவோம். மழை நின்றதும் குடும்பத்துக்கு வேறு சரிவில் இடம் கொடுத்திருக்கிறார்கள். குழாயடி இன்னும் தூரமாம். பக்கத்து வீடுகளில் இருப்பவர்கள் மகளிடம் வந்து தங்கள் ஊர், வீடு, நிலம் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்கிறார்களாம். நோட்டு அவர்களே கொண்டுவருகிறார்கள். மனைவி வாசலில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கேள்வி கேட்கிறாளாம், கிழக்கே யார் நிலம், எத்தனை வாசல் என்று.

"நல்லா கேக்குறா" என்றார் போன வாரம். "போலீஸ் மாதிரி."