ஒலிநாடாவில் பெரம்பலூர்

நார்வேயில் பஸ்ஸில் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறி உட்கார்ந்தால், கண்டக்டர் விசிலடிப்பதற்குள் பக்கத்து சீட்டு அம்மா நம் ஊர், தெரு, மாமியார் வீடு வரை விசாரித்து முடித்திருப்பார். இங்கே அந்தக் கேள்விக்கென்றே தனியாக ஓர் ஆபீஸ் இருக்கிறது. 2004-ல், கணவரின் வேலைக்காக வந்து வீட்டில் சும்மா இருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. தஞ்சம் கேட்டு வருகிறவர்களின் பேட்டியை ஒலிநாடாவில் கேட்டு, பேசுகிறவர் இலங்கைத் தமிழரா இந்தியத் தமிழரா என்று சொல்ல வேண்டும். இந்தியா என்று நான் சொன்னால் அநேகமாக அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தமிழ் தெரிந்ததற்குச் சம்பளமா என்று ஊருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் மேலதிகாரி இங்கெர் ஒரு நாடாவைப் போட்டாள். இளைஞன் ஒருவனின் குரல். முல்லைத்தீவில் பிறந்து வளர்ந்ததாகவும், நேரே அங்கிருந்தே வந்ததாகவும் சொன்னான். சொன்ன விதம்தான் வேறு. "வூட்டுல நாலு பேருங்க. அப்பா கடலுக்குப் போயிட்டாருன்னா திரும்பி வர ரெண்டு நாளாவும்." இங்கே வந்ததிலிருந்து என் காதில் விழாத பேச்சு. பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "இது எங்கள் ஊர்" என்று சொல்லிவிட்டேன். இங்கெரும் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள். நான் ஊரைக் கண்ட சந்தோஷத்தில் சொன்னது, அவளுக்கு விடையாகப் போய்விட்டது.

நாடா ஓடிக்கொண்டிருந்தது. அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று பேட்டி எடுப்பவர் கேட்டார். "ஓம்" என்றான் மெல்ல. உடனே அவசரமாக, "ஆமாங்க, இருக்காங்க."

அந்த அவசரம் எனக்குத் தெரிந்ததுதான். தொண்ணூறுகளின் நடுவில் என் அம்மா டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் துறைமங்கலம் அகதி முகாம் பிள்ளைகள் படித்தார்கள். சிலோன்காரன் என்றாலே சந்தேகமாகப் பார்த்த காலம். சாயங்காலம் அவர்களை நிறுத்திவைத்து அம்மா சொல்லிக்கொடுப்பாள். "கதைக்கிறேன்னு சொல்லாதடா, பேசுறேன்னு சொல்லு. ஓம்னு சொல்லாத, ஆமாங்கன்னு சொல்லு. பஸ்ஸுல வாயத் தொறந்தா கேம்ப்பு புள்ளன்னு தெரியக் கூடாது." அன்பாகத்தான் சொன்னாள். பிள்ளைகளும் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். "நம்ம புள்ளைங்க மாதிரியே பேசுதுங்க பாரு" என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான்.

இவனும் அப்படி ஒரு முகாமில் எங்கள் பேச்சைப் பழகியவன்தான்; என் அம்மாவே பாடம் எடுத்திருக்க வேண்டும் என்றில்லை. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே கூசியது. பயந்து கிடந்த பிள்ளைகளுக்கு ஒளிந்துகொள்ள எங்கள் பேச்சைக் கொடுத்தோம். இன்றைக்கு அதே பேச்சை வைத்து அவனைக் காட்டிக்கொடுக்க எனக்குச் சம்பளம். முகாமைப் பற்றி இங்கெரிடம் சொல்லிவிடலாம்தான். சொன்னால் நேரே வந்தேன் என்றது பொய்யாகிவிடும். இந்தியாவில் பத்திரமாக இருந்தாயே, அங்கேயே போ என்பார்கள். அதற்குப் பயந்துதான் மறைக்கிறான். எந்த உண்மையைச் சொன்னாலும் அவன் தலையில்தான் விழும்.

"அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். இந்தப் பேச்சு எந்த ஊர் என்று எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

"உன் சொந்த ஊர்ப் பேச்சு உனக்குத் தெரியாதா?" இங்கெர் கேட்டதில் கிண்டல் இல்லை.

"தெரியாது."

காது இரண்டும் சுட்டன. பெரம்பலூர்க்காரி என்று சொல்லிக்கொள்ள நான் அதுவரை தயங்கியதே இல்லை. இங்கெர் முன்பு எழுதியதை அடித்துவிட்டு, கண்டறிய முடியவில்லை என்று எழுதினாள்.

நாடாவில் பேட்டி முடிந்து, நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அப்ப போயிட்டு வரேங்க" என்றான். எங்கள் பக்கம் இதற்குப் பதில் சொல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டார்கள். "வாங்க" என்று வாய்வரை வந்துவிட்டது. இங்கெர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் குரலை முன்பின் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.