எனக்காகப் பேசியவர்கள்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். சட்டம் படித்து, சென்னையில் உள்ளாட்சி பற்றிய ஆய்வில் சேர்ந்தபோது, ஜமுனாமரத்தூருக்கு மேலே மலையில் இருக்கும் என் ஊரையே ஓர் அத்தியாயமாக எழுதத் தீர்மானித்தேன். பஞ்சாயத்துத் தேர்தலே நடக்காமல் ஆண்டுகள் போய்க்கொண்டிருந்த காலம். ஆனால் ஊர்க்கூட்டம் மட்டும் தவறாமல் கூடியது. "ஓட்டுப்பெட்டி இல்லாத ஜனநாயகம்!" என்று என் நெறியாளர் பூரித்தார்.

நான் போன அன்று பெரியப்பா மகளின் வழக்கு. புருஷன் அடித்ததால் ஓடிவந்திருந்தாள். திரும்பிப் போக மாட்டேன் என்றாள். எங்கள் ஊரில் பெண்ணின் வழக்கை அவள் அண்ணனோ அப்பனோதான் பேச வேண்டும். அவள் கோயில் சுவருக்குப் பின்னால் நிற்பாள். நானும் அங்கேதான் நின்றேன்.

"அனுப்பி வெக்கிறோம்" என்றான் அவள் அண்ணன்.

"அக்காகிட்ட ஒரு வார்த்த கேளுங்க!" என்று கத்தினேன்.

"இன்னாம்மா, படிச்சிட்டா ஆம்பளையா ஆய்டுவியா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எழுந்தார். எனக்காகக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"எத்தினி பேரு ஒத்துக்கினீங்கன்னு எம் பொண்ணு கேக்குது. எழுதணுமாம்."

"எல்லாரும்னு எழுதிக்கச் சொல்லு."

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஒருமனதான முடிவு என்பதை மட்டும் விட்டுவைத்து, மற்றதை நெறியாளர் அடித்தார். அது குடும்ப விவகாரமாம், அரசமைப்பு அல்லவாம். அந்த அத்தியாயத்தை வாசித்த கருத்தரங்கில் ஒருவர், "பெண்களுக்கு அங்கே இடம் உண்டா?" என்று என்னைக் கேட்டார். எழுந்தேன். "நீ உட்காரும்மா, நான் சொல்றேன்" என்றார் நெறியாளர். அப்பாவின் குரலேதான், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து.

அன்று உட்கார்ந்தேன். ஆனால் ஒருமனது என்ற அந்தப் பொய் என் பெயரில் அச்சேற விடவில்லை. அத்தியாயத்தையே உருவி எடுத்தேன். அதனால் பட்டம் தள்ளிப்போனது. அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

அடுத்த முறை மலைக்குப் போனபோது அக்காவை வாரச்சந்தையில் பார்த்தேன். புருஷன் வீட்டில்தான் இருந்தாள். சாமைக் கூடையை இறக்காமலே கேட்டாள்.

"என் வழக்க எழுதினியா?"

"எழுதினேன்க்கா. அடிச்சிட்டாங்க. அதான் மொத்தமா எடுத்துட்டேன்."

"அப்ப அங்கயும் நான் இல்லியா?"

புருஷன் கூப்பிட்டான். போய்விட்டாள்.